கேட்காத துட்டி

“தாயே, எனக்கு மூச்சு நின்னுருமோன்னு பயமா இருக்கு.”

வடிவு இதை மடத்து வாசலுக்கு வெளியே நின்று சொன்னாள்.

மடத்தம்மா முற்றத்தில் உட்கார்ந்து முறத்தில் உளுந்தைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“இப்ப நிக்குதா?”

“இல்ல.”

“அப்ப உள்ள வந்து உட்கார்ந்து சொல்லுங்க அக்கா.”

“இங்கயே நிக்கேன் தாயே. உள்ள நாலு பேரு இருப்பாக.”

“நான் ஒருத்திதான் இருக்கேன்.”

“நேத்து இருந்திருப்பாகல்லா?”

மடத்தம்மா ஒரு கல்லை எடுத்து வெளியே போட்டார்.

குருவுக்கு வயது ஐம்பதுக்குச் சற்று மேல். சிஷ்யைக்கு எழுபது நெருங்குகிறது. குரு சிஷ்யையை அக்கா என்பார். சிஷ்யை குருவைத் தாயே என்பாள். மலையடிவாரத்து அந்தச் சின்ன மடத்தில் அது யாருக்கும் வேடிக்கையாகப் பட்டதில்லை.

அந்த நோய் வந்து போய் மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஊரில் எல்லாரும் முகமூடியைக் கழற்றி எங்கே போட்டோம் என்பதையும் மறந்துவிட்டார்கள்.

வடிவு மறக்கவில்லை. அவள் வீட்டில் பால் பாக்கெட் இன்னும் சோப்பு நுரையில் குளித்த பிறகுதான் சமையலறைக்குள் போகும்.

“நான் சொன்ன மந்திரத்தைச் சொல்லுதீங்களா?”

“சொல்லுதேன் தாயே. நடுவுல எந்திரிச்சுக் கை கழுவப் போயிருதேன். திரும்பி வந்தா எதுல விட்டேன்னு தெரியல. மறுபடி முதல்ல இருந்து.”

“கழுவும்போது சொல்லுங்க.”

“கழுவும்போது சோப்பு சரியாப் பட்டுச்சான்னு பார்க்கணும்லா?”

மடத்தம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வடிவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

அந்த முகம் இரவெல்லாம் தூங்காத முகம்.

“என்ன அக்கா? இன்னைக்கு வேற என்னமோ இருக்கு.”

வடிவு முந்தியை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடியும் சுற்றினாள்.

“என் தங்கச்சி உலகு இருக்காள்லா, அவ வீட்டுக்காரரு தவறிட்டாரு. நாளைக்குக் காரியம்.”

“போகலையா நீங்க?”

“போகல.”

“ரெண்டு ஊர் தள்ளித்தானே?”

“பஸ்ஸு நிக்கிற இடம் வரைக்கும் போனேன் தாயே. பஸ்ஸு வந்துச்சு. உள்ள அவ்வளவு பேரு. ஒருத்தரு மூஞ்சியும் மூடல. ஒரு பிள்ளை இருமிச்சு. வந்துட்டேன். மறுநாளும் போனேன். அன்னைக்கு யாரும் இருமல. ஆனா இருமுவாகளோன்னு வந்துட்டேன்.”

“அவளுக்குச் சொன்னீங்களா?”

“போன்ல துட்டி கேட்டேன்.”

சாவு விழுந்த வீட்டுக்குப் போய் துக்கம் விசாரிப்பதைத்தான் அந்தப் பக்கத்தில் துட்டி கேட்பது என்பார்கள். போக வேண்டும். உட்கார வேண்டும். தோளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அப்புறம்தான் பேச்சு.

“என்ன சொன்னா?”

“‘போன்ல கேட்கிறதெல்லாம் ஒரு துட்டியாக்கா’ன்னா. எனக்கும் கோவம் வந்துட்டு. ‘ஏட்டி, எங்க வீட்டுத் துட்டியை நீ எதுல கேட்ட’ன்னேன்.”

“அதுக்கு?”

“‘அன்னைக்கு ஊரே அடைச்சுக் கிடந்துச்சு. இன்னைக்கு உனக்கு என்ன கேடு’ன்னா. வச்சுட்டா.”

மலையிலிருந்து காற்று இறங்கியது. வடிவு முகமூடியை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“காரியம் முடிஞ்சதும் அவ மகன் அவளைப் பூனாவுக்குக் கூட்டிட்டுப் போறான் தாயே. வீட்டைப் பூட்டிச் சாவியைக் குடுக்கப் போறாகளாம். இனிமே அவ இந்தப் பக்கம் எங்க வரப்போறா? எனக்கும் வயசாயிட்டு. நாளைக்குப் போகலைன்னா, இந்தப் பிறவியில அவ மூஞ்சியில நான் முழிக்க முடியாது. கூடப் பிறந்தவ அவ ஒருத்திதான் மிச்சம்.”

“அப்ப போங்க.”

“போக முடியலையே! அதைத்தானே சொல்லுதேன்! நினைச்சாலே நெஞ்சு அடைக்கு. காரிய வீட்டுல கட்டிப் பிடிப்பாக. மூஞ்சிகிட்ட வந்து அழுவாக. எச்சி தெறிக்கும். ஒரே போசியில தண்ணி குடிப்பாக. இந்தப் பயத்தை எடுத்துருங்க தாயே. எப்படியாவது எடுத்துருங்க.”

மடத்தம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

“முந்தியில என்ன முடிஞ்சு வச்சிருக்கீங்க?”

வடிவு வெட்கத்தோடு அவிழ்த்துக் காட்டினாள். விரலில் மாட்டுகிற சின்ன மிஷின். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டுவது.

“இப்ப எவ்வளவு காட்டுது?”

வடிவு மாட்டிப் பார்த்தாள்.

“தொண்ணூத்தேழு. வீட்டுல இருந்து கிளம்பும்போது தொண்ணூத்தெட்டு.”

“ஒண்ணு எங்க போச்சு?”

“அதான் தாயே எனக்கும் தெரியல” என்றாள் வடிவு. நிஜமாகவே கவலைப்பட்டாள்.

“என்கிட்ட குடுங்க. நானும் பார்க்கேன்.”

வடிவு பையிலிருந்து மருந்துத் தண்ணியை எடுத்து மிஷினில் தெளித்தாள். துடைத்தாள். வாசல் தூணுக்குக் கீழே அதை வைத்தாள். வைத்துவிட்டுச் சட்டென்று பின்னால் நகர்ந்து நின்றாள்.

மடத்தம்மா வந்து எடுத்து விரலில் மாட்டினார்.

“தொண்ணூத்து நாலு.”

“ஐயோ! தாயே! ஆட்டோவுக்குச் சொல்லவா? பெரியாஸ்பத்திரிக்கு...”

“விரல்ல உளுந்துத் தூசி, அக்கா.”

தூசியைத் துடைத்து மறுபடி மாட்டியபோது அது ஏறியிருந்தது. வடிவு கண்ணை மூடி முருகா என்றாள்.

மடத்தம்மா மிஷினைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

“இப்படிக் கீழ வச்சுட்டுப் பின்னால போறீங்களே, இது எப்ப இருந்து?”

வடிவு தரையைப் பார்த்தாள்.

“உங்க வீட்டுக்கார அண்ணாச்சி தவறினப்போ யாரு யாரு வந்தாக?”

“யாரு வருவா தாயே? தெருவுக்கே தகரம் அடிச்சு மறைச்சிருந்தாக. எனக்கும் காய்ச்சல். மக வேற ஊர்ல மாட்டிக்கிட்டா. மகன் மஸ்கட்டுல.”

“சோறு யாரு கொண்டாந்தா?”

வடிவு மருந்துத் தண்ணியைப் பைக்குள் வைத்தாள்.

“அன்னைக்கு உங்க வீட்டு அடுப்பு எரிஞ்சுதா அக்கா?”

சாவு விழுந்த வீட்டில் அன்று அடுப்பு எரியாது. சொந்தம் சமைத்துக் கொண்டுவரும். ஏழை வீட்டுக்கும் அதுதான் வழக்கம். பணக்கார வீட்டுக்கும் அதுதான்.

வடிவு சொன்னாள்.

“எரிஞ்சுது.”

மடத்தம்மா மிஷினைத் தூணுக்குக் கீழே வைக்கவில்லை. கையை நீட்டினார். வடிவு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விரல் படாமல், நுனியைப் பிடித்து வாங்கிக்கொண்டாள்.

“வீட்டுக்குப் போங்க. இன்னைக்கு அடுப்பு பத்த வைக்காதீங்க.”

“விரதமா தாயே?”

“இல்ல.”

“பின்ன எதுக்கு?”

“பத்த வைக்காதீங்க.”

“மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம்லா போடணும். பிரஷர் மாத்திரை...”

மடத்தம்மா உள்ளே போய்விட்டார்.



“அடுப்பு பத்த வைக்கக் கூடாதா?” என்றாள் வடிவின் மகள் பகவதி. கையில் லைட்டர் இருந்தது. “ஏன்? கேஸ் லீக்காகுதுன்னு மடத்தம்மாவுக்கு ஞானத்துல தெரிஞ்சுதாக்கும்?”

“கிண்டல் பண்ணாதட்டி.”

“உன் பயத்துக்கு மருந்து கேட்கத்தானே போன? புதுசா ஒரு பயம் வாங்கிட்டு வந்திருக்க.”

அப்பா போன பிறகு, புருஷனோடும் பிள்ளைகளோடும் இந்த ஊருக்கே குடிவந்தவள் பகவதி. அவர்கள் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டால் வீட்டில் இவளும் அம்மாவும்தான்.

அம்மா இவளைத் தொடுவதில்லை. பேரப்பிள்ளைகள் வந்து மடியில் விழுந்தால், “போய்க் கை கழுவிட்டு வாங்க” என்பாள். கழுவிவிட்டு வருவதற்குள் எழுந்து போய்விடுவாள். இப்போது பிள்ளைகள் விழுவதும் இல்லை.

“காப்பியாவது போடட்டா?”

“வேண்டாம்.”

“வெந்நீர்?”

“அதுக்கும் அடுப்புதானே!”

பகவதி லைட்டரை ஜன்னலில் வைத்துவிட்டு, பழைய சோற்றில் மோர் ஊற்றிக் குடித்தாள். அம்மாவுக்கும் ஒரு தம்ளர் நீட்டினாள். வடிவு வாங்கவில்லை. பழையது சளி பிடிக்கும். சளி பிடித்தால் இருமல் வரும். இருமல் வந்தால்...

வெயில் ஏறியது.

வடிவு மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். வெறும் வயிற்றில் போட்டால் மயக்கம் வரும். போடாவிட்டால் பிரஷர் ஏறும். எது முதலில் வரும் என்று தெரியவில்லை. மாத்திரையைத் திரும்ப டப்பாவில் போட்டாள். போட்ட மாத்திரை கைபட்ட மாத்திரை என்று நினைவு வந்தது. அதை எடுத்துத் தனியாக வைத்தாள்.

மிஷினை மாட்டினாள். கழற்றினாள்.

உலகுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

காரியத்துக்கு முந்தின நாள். வீடு நிறைய ஆள் இருக்கும். சத்தத்தில் கேட்டிருக்காது.

இல்லை. பேரைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கவில்லை.

இல்லை, கேட்டிருக்காது.

சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். என்ன கேட்பது என்று தெரியவில்லை. “நான் போகணும். என்னைப் போக விடாத” என்று வாயில் வந்தது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.



உச்சி வெயிலில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

மடத்தம்மா வந்தார். ஒரு கையில் தூக்குவாளி. இன்னொரு கையில் வாழை இலைக்கட்டு. மலையடியிலிருந்து நடந்தே வந்திருக்க வேண்டும். காலெல்லாம் புழுதி. தலையில் முந்தியை இழுத்து மூடியிருந்தார். எப்போதும் அப்படி மூடுகிறவர் இல்லை.

“வாங்க தாயே” என்று வடிவு எழுந்தாள்.

மடத்தம்மா வாயில் விரலை வைத்தார்.

“துட்டி வீட்டுல வாங்கன்னு சொல்லக் கூடாது அக்கா.”

வடிவின் கால் அப்படியே நின்றுவிட்டது.

“துட்டியா? யாருக்கு? தாயே, யாருக்கு என்ன ஆச்சு? மஸ்கட்டுல இருந்தா? என் மகனுக்கா?” அவள் குரல் மேலே மேலே போயிற்று. “பகவதி! ஏட்டி பகவதி! போனை எடு! தம்பிக்குப் போட்டுப் பாரு! உன் வீட்டுக்காரருக்குப் போடு! பிள்ளையளு பள்ளிக்கூடத்துல இருக்கான்னு கேளு!”

பகவதி ஓடி வந்தாள். அவளுக்கும் முகம் வெளுத்துவிட்டது.

மடத்தம்மா தூக்குவாளியைக் கீழே வைத்தார். தரையில் உட்கார்ந்தார். வடிவின் முந்தியைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார்.

“அண்ணாச்சி தவறிட்டாகன்னு கேள்விப்பட்டேன்” என்றார்.

வடிவு அவரைப் பார்த்தாள்.

“என்ன தாயே சொல்லுதீங்க? அவுக போயி...”

“எப்படி ஆச்சு அக்கா?”

வெளியே யாரோ சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

துட்டிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். எப்படி ஆச்சு? வருகிற ஒவ்வொருவரும் கேட்பார்கள். பறிகொடுத்தவள் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லுவாள். காலையில் நல்லாத்தான் இருந்தாக, காப்பி கேட்டாக என்று ஆரம்பிப்பாள். சொல்லிச் சொல்லி ராத்திரிக்குள் தொண்டை கட்டிப்போகும்.

வடிவை யாரும் கேட்டதில்லை.

போனில் எல்லாரும் பேசினார்கள். சொந்தம், பந்தம், மகன், தங்கை, எல்லாரும்தான். “உனக்குக் காய்ச்சல் இருக்கா? டெஸ்ட் எடுத்தியா? மிஷின்ல எவ்வளவு காட்டுது?” என்று கேட்டார்கள். நல்ல மனசோடுதான் கேட்டார்கள்.

“எப்படி ஆச்சு?” என்றார் மடத்தம்மா மறுபடியும்.

“காலையில...” என்றாள் வடிவு.

நிறுத்தினாள்.

“காலையில காப்பி கேட்டாக. ருசி தெரியலன்னாக. சீனி போட மறந்துட்டியான்னாக. நான் போட்டிருந்தேன். ரெண்டாந்தடவை போட்டுக் குடுத்தேன். அப்பவும் தெரியலன்னாக. எனக்குத் திக்குன்னு ஆயிட்டு.”

“ம்.”

“மத்தியானம் மூச்சு இழுக்க ஆரம்பிச்சுது. வேனு வந்துச்சு. தலையில இருந்து கால் வரைக்கும் மூடின உடுப்புப் போட்டு ரெண்டு பேரு வந்தாக. மூஞ்சி தெரியல. ஆம்பிளையா பொம்பிளையான்னு தெரியல. இவுக நடந்துதான் போனாக தாயே. அவுக காலாலே நடந்துதான் போனாக. யாரும் தூக்கல.”

“ம்.”

“வாசல்ல நின்னுக்கிட்டு, துண்டை எடுன்னாக. அந்தத் தேங்காப்பூத் துண்டு இல்லாம அவுக எங்கயும் போக மாட்டாக. நான் எடுத்துட்டு வந்தேன்...”

வடிவு தன் கையைப் பார்த்தாள். அதில் இன்னும் துண்டு இருப்பதைப் போலப் பார்த்தாள்.

“கையில குடுக்கல தாயே.”

மடத்தம்மா இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்.

“படியில வச்சேன். வச்சுட்டுப் பின்னால போயிட்டேன். அவுக குனிஞ்சு எடுத்தாக. மூச்சு வாங்கிக்கிட்டே குனிஞ்சு எடுத்தாக. நாற்பத்தஞ்சு வருஷம் ஒரு தட்டுல சாப்பிட்ட மனுஷனுக்கு, வாசல்ல வந்த பரதேசிக்கு வைக்கிற மாதிரி வச்சேன்.”

சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு பகவதி நின்றாள். இத்தனை வருஷத்தில் இது அவள் காதுக்கு வந்ததில்லை. அவளும் கேட்டதில்லை. கேட்டால் அம்மாவுக்கு நெஞ்சு வலிக்கும் என்று பயந்திருந்தாள்.

“அண்ணாச்சி என்ன சொன்னாக?”

“கதவைச் சாத்திக்கோன்னாக.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான். ‘கதவைச் சாத்திக்கோ, வெளிய நிக்காத.’ நான் சாத்திட்டேன். வேனு போற சத்தம் கேட்டுச்சு. சாத்தின கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன். மறுநா விடியக்காலம் போன் வந்துச்சு. பேரு சரியான்னு கேட்டாக. சரின்னேன். அட்ரஸ் சரியான்னு கேட்டாக. சரின்னேன்.”

“அப்புறம்?”

“எனக்கு மாத்திரை போடணும். சாப்பிட்டுத்தான் போடணும்னு டாக்டரு போன்ல சொல்லியிருந்தாரு. நான்... அடுப்பைப் பத்த வச்சேன். கஞ்சி வச்சேன். குடிச்சேன் தாயே. அவுக அங்க பொட்டலமாக் கிடக்காக. நான் இங்க உப்பு போதலைன்னு உப்புப் போட்டுக் குடிச்சேன்.”

மடத்தம்மா இரண்டு கைகளையும் நீட்டினார்.

வடிவு பின்னால் நகர்ந்தாள். “தொடாதீங்க தாயே. நான் கை கழுவல. வெளிய போயிட்டு வந்த சேலை...”

மடத்தம்மா அவள் தோளைப் பிடித்தார். வடிவின் உடம்பு விறைத்தது. உதறப் பார்த்தாள். மூச்சு அடைத்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இதோ நின்றுவிடப்போகிறது, இதோ...

நிற்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது.

“ஐயா! என் ராசா! கையில குடுக்கலையே நான்!”

பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும். சாவு வீட்டில் அழுகிற அழுகை அது. நேரம் கழித்து வந்தாலும் அதன் குரல் அதுதான்.

மடத்தம்மாவும் அழுதார். குரு அழலாமா என்று யாராவது கேட்பார்கள். துட்டிக்கு வந்தவர் அழாமல் என்ன செய்வார்?

பகவதி வந்து இரண்டு பேருக்கும் நடுவே விழுந்தாள். “அப்பா” என்றாள். வடிவு அவளைக் கை கழுவச் சொல்லவில்லை.



அழுகை ஓய்ந்ததும் மடத்தம்மா இலையைப் போட்டார்.

சோறு. கத்திரிக்காய்ப் புளிக்கறி. துட்டி வீட்டுச் சமையலுக்குத் தாளிதம் கிடையாது என்பதால் தாளிக்காமல் கொண்டுவந்திருந்தார்.

“சாப்பிடுங்க. மாத்திரை போடணும்லா.”

வடிவு சாப்பிட்டாள். நாலு வாய்க்குப் பிறகு, “உப்பு போதல” என்றாள்.

“போடட்டா?”

“வேண்டாம்.”

மூவரும் சாப்பிட்டார்கள். பகவதி இலையை எடுத்தாள். வடிவு மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

குடித்துவிட்டுத் தம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று ஏறி வந்தது. கேட்கலாமா கூடாதா என்று நெடுநேரம் தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“தாயே.”

“சொல்லுங்க.”

“ஒண்ணு கேட்பேன். கோவிச்சுக்கக் கூடாது.”

“கேளுங்க.”

“அன்னைக்கு நீங்க ஏன் வரல?”

பகவதி உள்ளேயிருந்து, “அம்மா!” என்றாள்.

“ஏட்டி, இரு. கேட்கணும்.” வடிவு தம்ளரைக் கீழே வைத்தாள். “மத்தவுக வரல, சரி. அவுகளுக்குக் குடும்பம் இருக்கு, பிள்ளை குட்டி இருக்கு. நீங்க எல்லாத்தையும் விட்டவுக. நான் உங்களுக்குப் போன் போட்டேன். மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நீங்க எடுக்கல. அம்மா நிஷ்டையில இருக்காகன்னு அப்புறம் சொன்னாக. சரி, நம்ம தலையெழுத்து, நேரம் பார்த்துப் போன் போட்டோம்னு விட்டுட்டேன்.”

மடத்தம்மா தலையில் இருந்த முந்தியை எடுத்தார்.

“நிஷ்டையில இல்ல.”

“தூங்கிட்டு இருந்தீங்களா?”

“முழிச்சுத்தான் இருந்தேன். போன் கையில இருந்துச்சு. உங்க பேரு தெரிஞ்சுது. அண்ணாச்சி போன செய்தி அதுக்கு முன்னாலயே எனக்கு வந்துட்டு.”

“பின்ன ஏன் எடுக்கல?”

“எடுத்தா வரச் சொல்லுவீங்கன்னு.”

வடிவு தம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

“மடத்துக் கதவை உள்தாழ் போட்டேன். ஜன்னலையும் சாத்தினேன். மணி நிக்கிற வரைக்கும் போனையே பார்த்துக்கிட்டு இருந்தேன். நிஷ்டைன்னு யாரோ சொன்னாக. நான் இல்லைன்னு சொல்லல.”

“உங்களுக்குமா தாயே?”

“எனக்கும் ஒரு மூக்குதானே இருக்கு அக்கா.”

சிரிப்பதற்காகச் சொன்ன பேச்சு. ஆனால் மடத்தம்மாவின் குரல் சிரிக்கவில்லை. மடியில் கோத்து வைத்திருந்த விரல்கள் நடுங்கின.

“இன்னைக்கு மட்டும் எப்படி வந்தீங்க?”

“இன்னைக்கும் வேண்டாம்னுதான் இருந்துச்சு. நீங்க இதைக் கேட்டுருவீங்கன்னு.”

வடிவு அந்த விரல்களைப் பார்த்தாள்.

கோபம் வர வேண்டும். வரும் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இருட்டு அறை ஒன்றில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, கையில் அடிக்கிற போனைப் பார்த்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பதுதான் கண்ணில் வந்தது. முதலில் அது மடத்தம்மாவாக இருந்தது. பிறகு அது வேறு முகமாக மாறியது. சின்ன வயசில் இடி இடித்தால் இவள் பாவாடைக்குள் வந்து ஒளிந்துகொள்ளும் தங்கச்சியின் முகம்.

வடிவு கையை நீட்டி அந்த நடுங்கும் விரல்களின் மேல் வைத்தாள்.



பிறகு மடத்தம்மா எழுந்தார். தூக்குவாளியை எடுத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல், திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார்.

வடிவு பீரோவைத் திறந்தாள். வெளுத்த நூல் சேலை ஒன்றை எடுத்தாள். கொசுவம் இரண்டு தரம் கலைந்தது. புது முகமூடி ஒன்றை எடுத்து மாட்டினாள். இன்னொன்றைப் பையில் வைத்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது.

“எங்கம்மா கிளம்பிட்ட?” என்றாள் பகவதி. “பஸ்ஸுல கூட்டமா இருக்குமே. நாளைக்குக் காலையில ஆட்டோ வச்சு நான் கூட்டிட்டுப் போறேன். இன்னைக்கே என்ன அவசரம்?”

வடிவு செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள்.

“ஏட்டி, உலகு பயந்துக்கிட்டு இருப்பா.”